சூடம் அடித்துப் பூட்டிய ரோடு

சம்பள ஞாயிறு என்றால் மல்கந்தைப் பட்டணம் காலை பத்து மணிக்கே நிரம்பிவிடும். சுற்றியுள்ள நாலு தோட்டத்துச் சனமும் கருவாடும் மண்ணெண்ணெயும் வாங்க மலையிறங்கி வரும். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் பட்டண சபைத் தலைவர் ஜுனைதீன் முதலாளி, தன் துணிக்கடைப் படியில் நின்று மைக்கைப் பிடிப்பார். சபை என்ன செய்து முடித்தது, என்ன செய்யப்போகிறது என்று அரைமணி நேரம் வாசிப்பார். கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டத்துச் சனம், இந்த நாட்டில் அவர்களுக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் காது இருக்கிறதே. வாசிப்பு முடிந்து கலையும்போது பாதிப் பேர் அவருடைய கடைக்குள்தான் நுழைவார்கள்.

அன்றைக்கு இராக்கம்மா கருவாட்டுப் பொட்டலத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். வாசிப்பைக் கேட்க வரவில்லை. வாசித்து முடித்ததும் முதலாளியிடம் ஒரு தேதி கேட்க வந்திருந்தாள்.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். சந்தைக் கட்டடத்துக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. பஸ் நிற்குமிடத்தில் உட்கார இரண்டு வாங்கு வைத்தாயிற்று. கடைவீதிக்குப் பதினொரு விளக்கு வந்துவிட்டது (அதில் எட்டுத்தான் எரிகிறது என்பதை அவர் வாசிக்கவில்லை). பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் முதன்முறையாக மூன்று பிள்ளைகள் பெரிய சோதனை பாஸ் பண்ணியிருக்கிறார்கள். அப்புறம் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

“சின்னக்கந்தைப் பாதை வேலை பூரணமாக நிறைவேறியுள்ளது. முந்நூறு குடும்பங்களின் நீண்டநாள் கனவு நனவாகிவிட்டது என்பதைப் பெருமையோடு அறியத் தருகிறேன்.”

இராக்கம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கனவாம், நனவாம். அந்த ரோட்டில் இன்றுவரைக்கும் சின்னக்கந்தைக்காரன் ஒருத்தன் கால் பட்டதில்லை.

போன ஆனியில் நடந்ததை அவள் மறக்கவில்லை. சின்னக்கந்தைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. தோட்டத்து லொறி மேல்பிரிவோடு நின்றுவிடும். கீழே வரிசை வீடுகளாய்க் கிடக்கிற லயத்திலிருந்து பட்டணத்துக்கு வர ஒற்றையடிப் பாதைதான். நடுவில் ஓர் ஆறு, அதில் மிதித்துத் தாண்ட ஏழு கல். அவளுடைய மகள் மாரியாயிக்குத் தலைப்பிரசவ வலி வந்தபோது, கம்பளியை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி நாலு பேர் தூக்கினார்கள். மூன்று மணி நேரம். ஆற்றங்கரைக்கு வந்தபோது பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. அழவில்லை. கொழுந்து பறிக்கும்போது தலையில் போடுகிற கொங்காணித் துண்டில் அதைச் சுற்றி, இராக்கம்மா தன் மார்போடு அணைத்துக்கொண்டே மிச்ச வழியையும் நடந்தாள்.

அந்தச் செய்தி கேட்டு ஜுனைதீன் முதலாளி லயத்துக்கே வந்தார். மெய்யாகவே கண் கலங்கினார் என்பதை இராக்கம்மா மறுக்கமாட்டாள். நீங்கள் கையைக் கொடுங்கள், நான் சீமெந்து தருகிறேன் என்றார். தோட்டத்துத் துரையிடம் பேசிப் புரட்டாசிக்குள் நிலத்துக்கும் கையெழுத்து வாங்கினார். பிறகு பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை கூலியில்லாச் சிரமதானம். ஆம்பிளைகள் பாறை உடைத்தார்கள். பொம்பிளைகள் கொழுந்துக் கூடையில் கல் சுமந்தார்கள். ஆற்றுக்கு மேலே பாலம் எழும்பியது. மார்கழி முடியும்போது ஒன்றரை மைல் ரோடு, கார் வருகிற அகலத்தில், லயத்து வாசல் வரைக்கும் வந்து நின்றது.

மந்திரி வந்து திறந்து வைக்க வேண்டும் என்றார் முதலாளி. தைப்பொங்கலுக்கு மறுவாரம். அதற்குள் வண்டியும் மாடும் போய்ப் புதுச் சரளையைக் கிளறிவிட்டால் மந்திரி முன்னால் மானம் போய்விடும். முகப்பில் இரண்டு தூண் நட்டு, சங்கிலி போட்டுப் பூட்டினார். ஆனால் சங்கிலியைத் தாண்டத் தெரியாத மனுஷன் எந்தத் தோட்டத்தில் இருக்கிறான்? முதலாளி போய்ப் பெரிய கங்காணி வீரசிங்கத்திடம் யோசனை கேட்டார். கங்காணி கொடுத்த யோசனைதான் சூடம்.

மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றினார்கள். மந்திரி வந்து திறக்கும்வரை அந்த ரோட்டில் கால் வைக்கமாட்டோம் என்று சொல்லி, ஒவ்வொருவராக எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். முதல் ஆளாகப் போய் அணைத்தவள் இராக்கம்மா. இரண்டு வாரம்தானே என்று நினைத்தாள். ரோடு கிடைத்த சந்தோஷத்தில் அவள் தலையைக்கூட அடித்துக் கொடுத்திருப்பாள்.

தையில் மந்திரிக்குக் காய்ச்சல். மாசியில் பாராளுமன்றம். சித்திரையில் வருஷப்பிறப்பு. இப்போது வைகாசி முடியப் போகிறது. ரோட்டின் இரண்டு ஓரமும் புல் முளைத்து, பட்டணத்து ஆடுகள் சங்கிலிக்குக் கீழே குனிந்து போய் மேய்ந்துவிட்டு வருகின்றன. ஆடுகள் சூடம் அடிக்கவில்லை. அடித்த சனம் மட்டும் பாலத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கீழே கல்லை மிதித்து ஆற்றைத் தாண்டிக்கொண்டிருந்தது. மாரியாயிக்கு இது ஒன்பதாவது மாதம். இன்னும் பத்து நாள் என்று கணக்குச் சொல்லியிருந்தாள் தோட்டத்து மருத்துவச்சி ஸைனப்.

முதலாளி வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். இராக்கம்மா படியேறிப் போய், மந்திரி என்றைக்கு வருகிறார் என்று கேட்டாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். அடுத்த திங்கட்கிழமை, சரியாக எட்டு நாள், இந்தமுறை மாறாது என்றார். மகளுக்கு எந்த நேரமும் வலி வரலாம், அவசரத்துக்குச் சாவியை லயத்தில் கொடுத்து வையுங்கள் என்று அவள் கேட்டாள். முதலாளி நேரடியாக இல்லையென்று சொல்லவில்லை. அவர் எதற்குமே நேரடியாக இல்லையென்று சொல்லுகிறவர் அல்ல. உள்ளே பார்த்து, பிள்ளைக்குச் சுற்ற ஒரு கஜம் பிளனல் துணி வெட்டச் சொன்னார். வெட்டிய துணியை அவள் கையில் வைத்தார். அவள் அதை மேசைமேல் திருப்பி வைத்தாள்.

“துணி கேட்டு வரலீங்க மொதலாளி. சாவி கேட்டு வந்தேன்.”

“ஏன் ராக்கம்மா ஏசுறீங்க? சூடம் அடிச்சது நானா? நீங்கதானே மொத ஆளாப் போய் அடிச்ச. ஒங்கட சாமிட்ட நீங்க குடுத்த வாக்கை நான் எப்பிடிப் பூட்டைத் தொறந்து முறிக்கிற?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இராக்கம்மாவுக்கு முகம் எரிந்தது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இத்தனை கோபம் வந்திருக்காது. அடித்தது அவள் கைதான். அந்தக் கையை அவளே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருத்தன் ஓடி வந்தான். தலையிலிருந்து கால்வரை நனைந்து, நெற்றியில் இரத்தம் வடிய, சேறு அப்பிய வேட்டியோடு நின்றவனை அவளுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மாரியாயியின் புருஷன் பொன்னையா.

“அத்தை, பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு. கால் மொதல்ல வருதாம். லயத்துல வச்சுப் பாக்க முடியாது, ஒடனே அப்புத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னு ஸைனப் அக்கா சொல்றாங்க.”

“நீ ஏன்டா இப்புடி நனைஞ்சிருக்க?”

“ரெண்டு நாள் மழையில ஆறு பெருகிக் கெடக்கு. கல்லு ஒன்னும் தெரியல. இழுத்துக்கிட்டுப் போயி பாறையில அடிச்சிருச்சு.”

“பாலத்து மேல வாறதுக்கென்ன?”

பொன்னையா அவளை விநோதமாகப் பார்த்தான்.

“சூடம் அடிச்சிருக்கேன்ல அத்தை.”

பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள். தலைக்கு மேலே பாலம் நிற்கிறது. அந்தப் பாலத்துக்குக் கல் உடைத்தவன், அதன் காலடியிலேயே கழுத்தளவு வெள்ளத்தில் இறங்கி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். அவனை அறையலாம் என்று இராக்கம்மாவின் கை எழும்பியது. அறைய வேண்டியவன் இவனல்ல என்று கை தானாகவே இறங்கியது.

அவள் திரும்பி முதலாளியிடம் கையை நீட்டினாள். சாவி.

முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. சாவி சபைக் கிளாக்கர் மர்ஸூக்கிடம் இருக்கிறது, அவர் மந்திரியை வரவேற்கும் வளைவுக்குக் கலர்க் கடதாசி வாங்கப் பண்டாரவளைக்குப் போயிருக்கிறார், பின்னேரம்தான் வருவார் என்றார். மேல்பிரிவு வழியாகச் சுற்றித் தூக்கிக்கொண்டு வாருங்கள், கார்க்கூலியை நான் தருகிறேன் என்றும் சொன்னார். கூட்டத்தில் நின்ற வீரசிங்கம் கங்காணி குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஆத்தா காரியத்துல வெளையாடாத ராக்கம்மா. ஊருக்கே ஆகாது. போன தடவையும் தூக்கிக்கிட்டுத்தானே போனோம்.”

“போன தடவை தூக்கிக்கிட்டுப் போயி என்னத்தைக் கொண்டாந்தோம், கங்காணி ஐயா?”

அவள் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஆனால் முதலாளியின் மைக் இன்னும் அணையாமல் இருந்தது. அந்தக் கேள்வி சந்தை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கங்காணி ஊன்றிய குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

கடைக்கு எதிரே, தோட்டத்துச் சனம் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் லத்தீப் தன் வாடகைக் காரில் சாய்ந்துகொண்டு நின்றார். பழைய ஏ ஃபோர்ட்டி. இராக்கம்மா நேராகப் போய்க் கதவைத் திறந்தாள். லத்தீப் ஒருமுறை முதலாளியைப் பார்த்தார். கார் நிற்கிற இடத்துக்கு அனுமதி கொடுப்பது சபை. அடுத்த மாதம் அதைப் புதுப்பிக்க வேண்டும். பார்த்துவிட்டு முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

“சங்கிலியை என்ன செய்ற?” என்றார் காரைக் கிளப்பிக்கொண்டே.

“நீங்க வாங்க நானா. அத நான் பாத்துக்கிறேன்.”

பட்டணத்திலிருந்து அரை மைலில் இருந்தது ரோட்டு முகப்பு. கார் போய்ச் சேருவதற்குள் குறுக்கு வழியாகப் பாதிக் கூட்டம் வந்துவிட்டது. இரண்டு தூணும் வெள்ளையடித்து, சங்கிலிக்கும் கறுப்பு மை பூசி, பார்க்க இலட்சணமாகத்தான் இருந்தன. இராக்கம்மா இறங்கி இடதுபக்கத் தூணின்மேல் தோளைக் கொடுத்தாள்.

“பொன்னையா, வந்து தள்ளு.”

அவன் தயங்கினான். அவளுக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது. சிரமதானத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை தூணுக்குச் சீமெந்து போதவில்லை. இன்னும் மூன்று மூட்டை வேண்டும் என்று சொல்லி அனுப்பியதற்கு, அது வெறும் பார்வைத் தூண்தானே, உள்ளே செம்மண்ணை இடித்துப் போட்டு மேலே பூசிவிடுங்கள் என்று பதில் வந்தது. அந்தச் செம்மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டியவள் இவள்தான்.

தூண் முதல் தள்ளிலேயே ஆடியது. இரண்டாவது தள்ளில் சொத்தைப் பல் மாதிரி அடியோடு சாய்ந்தது. வெள்ளைப் பூச்சு உடைந்து உள்ளேயிருந்த செம்மண் ரோட்டில் கொட்டியது. பட்டணத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், சபைச் சீமெந்து நல்ல சிவப்பு என்றார்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த கங்காணி, சாபம் சும்மா விடாது என்று கத்தினார். லத்தீப் காரை நகர்த்தப் போனார். இராக்கம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நில்லுங்க நானா. மொதல்ல நான் கால வைக்கிறேன்.” அவள் கங்காணி பக்கம் திரும்பினாள். “மொதல்ல சூடத்தை அணைச்சது என் கை. மொதல்ல மீறுறதும் என் காலு. ஆத்தா கேக்கறதா இருந்தா என்னைக் கேக்கட்டும். எம் மகளைக் கேக்க வேணாம், இவனைக் கேக்க வேணாம். நம்ம எல்லாரையும் அடிக்க வச்சுப்புட்டு பட்டணத்துல ஒரு மனுஷன் கையைச் சுடாம நின்னாரே, அவரையும் ஆத்தா ஒரு வார்த்தை கேட்டா நல்லது.”

சொல்லிவிட்டுச் சங்கிலியைக் காலால் ஒதுக்கி, சரளைமேல் வெறுங்காலை வைத்தாள். நாலு எட்டு நடந்தாள். வானம் இடியவில்லை. பிறகு காரில் ஏறிக்கொண்டாள்.

லயத்துக்குப் போய்ச் சேர ஏழு நிமிஷம். மூன்று மணி நேரப் பாதைக்கு ஏழு நிமிஷம். அதை நினைக்க நினைக்க அவளுக்குப் பல் நறநறத்தது. மாரியாயியின் முகத்தில் உயிர் இல்லை. உதட்டைக் கடித்து இரத்தம் கட்டியிருந்தது. பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். ஸைனப் கூடவே ஏறி அவள் காலடியில் மண்டியிட்டுக்கொண்டாள். பாலத்தின்மேல் கார் போகும்போது கீழே ஆறு பழுப்பாகச் சுழன்று ஓடியது. இதில் மூங்கில் தொட்டிலோடு இறங்கியிருந்தால் நாலு பேரும் சேர்ந்து போயிருப்பார்கள். பொன்னையா கண்ணை மூடிக்கொண்டான். இராக்கம்மா மூடவில்லை.

அப்புத்தளை ஆஸ்பத்திரியில் ஒன்றேகால் மணிக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. காலைப் பிடித்து இழுத்த கோபமோ என்னவோ, வாசலில் நின்ற லத்தீப்புக்கும் கேட்கிற மாதிரிக் கத்தியது. இன்னும் அரைமணி நேரம் தாமதித்திருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். இராக்கம்மா பிள்ளையை வாங்கி, அது அழுது முடிக்கும்வரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாற்றுச் சேலையும் சுடுதண்ணீர்ப் போத்தலும் எடுத்துவர அவள் லத்தீப்போடு திரும்பினாள். மனசு கொஞ்சம் ஆறியிருந்தது. கங்காணியிடம் தன்மையாகப் பேச வேண்டும், அம்மனுக்கு ஒரு பொங்கல் வைக்க வேண்டும் என்றெல்லாம்கூட நினைத்தாள். கார் மல்கந்தைக் கடைவீதிக்குள் நுழையும்போது ஒலிபெருக்கி பேசிக்கொண்டிருந்தது. முதலாளியின் குரல் அல்ல. கிளாக்கர் மர்ஸூக்கின் குரல்.

“பட்டண சபையின் விசேட அறிவித்தல். இன்று முற்பகல், எமது தலைவர் அவர்களின் உடனடி உத்தரவின் பேரில் சின்னக்கந்தைப் பாதை தற்காலிகமாகத் திறக்கப்பட்டு, ஒரு தாயின் உயிர் காப்பாற்றப்பட்டது. மாண்புமிகு மந்திரி அவர்களின் வருகை வரை பாதை மீண்டும் மூடப்பட்டிருக்கும்.”

லத்தீப் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பக்கத்தில் இராக்கம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“காரை ரோட்டு முகப்புல நிப்பாட்டுங்க நானா. நீங்க லயத்துக்குப் போயி ஸுலைஹாகிட்ட, அதான் ஸைனப் தங்கச்சிகிட்ட, சேலையும் போத்தலும் கேட்டு வாங்கிக் கொண்டு போய்க் குடுத்துடுங்க. நான் வரல.”

முகப்பில் சபைக் கூலியாட்கள் இரண்டு பேர் நின்றார்கள். விழுந்த தூணை ஓரமாக உருட்டிவிட்டு, பழைய குழியை ஆழமாக்கி, தகரத்தில் கலவை குழைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மூன்று மூட்டை சீமெந்து. முழு மூட்டை. அன்றைக்குக் கேட்டபோது இல்லாத அதே மூன்று மூட்டை. வீரசிங்கம் கங்காணி குடை நிழலில் நின்று மேற்பார்வை பார்த்தார். இருட்டுவதற்குள் சங்கிலி ஏறிவிட வேண்டும் என்று உத்தரவாம்.

இராக்கம்மா நேராகப் போய்க் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தாள். இடுப்பளவு குழி. தலையும் தோளும் வெளியே தெரிந்தன.

கங்காணி அதட்டினார். பிறகு கெஞ்சினார். இன்னொரு சூடம் ஏற்றிப் பேசிக்கொள்ளலாம் என்றார். இனி இந்தத் தோட்டத்தில் யாராவது ரோட்டுக்குச் சூடம் ஏற்றினால் அந்தத் தட்டைத் தூக்கி ஆற்றில் போடுவேன் என்றாள் அவள்.

பட்டணத்தில் சாமான் வாங்கிக்கொண்டு சனம் திரும்பி வரும் நேரம். முதலில் வந்த இரண்டு பொம்பிளைகள் நின்றார்கள். பிள்ளை பிழைத்ததா என்று கேட்டார்கள். பிழைத்தது என்றதும் ஒருத்தி மண்ணெண்ணெய்ப் போத்தலை ஓரமாக வைத்துவிட்டுக் குழியருகே சரளைமேல் உட்கார்ந்தாள். பார்த்துவிட்டு மற்றவளும் உட்கார்ந்தாள். அப்புறம் வந்தவர்கள் காரணம் கேட்கவில்லை. பதினைந்து, இருபது என்று ரோடு நிறைந்தது. லத்தீப்பின் கார் சேலையோடு திரும்பியபோது மட்டும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வெற்றிலைப் பை கைமாறியது. ஒருத்தி குழிக்குள் எட்டிப் பார்த்து, “என்ன மதினி, தூணா முளைச்சிட்டீங்களா?” என்றாள். இராக்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றரை மணிக்கு ஜுனைதீன் முதலாளி வந்தார். முதலில் பிள்ளை நலமா என்று விசாரித்தார். அந்த விசாரிப்பிலும் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

“எட்டு நாள்தானே ராக்கம்மா. எனக்காகப் பொறுத்துக்கங்க.”

“இந்த எட்டு நாள்ல எத்தனை பேருக்கு வலி வரும், எத்தனை பேரைப் பாம்பு கடிக்கும்னு உங்க பேப்பர்ல எழுதியிருக்கா மொதலாளி?”

“மந்திரி வந்தா எதைத் தொறக்கிற? தொறந்து கெடக்கிற ரோட்டையா?”

“அவரு வரட்டும். கார்லயே லயம் வரைக்கும் வரட்டும். அந்தப் பாலத்துக்குக் கல்லு சொமந்தது யாருன்னு நாங்க சொல்றோம். மால வேணும்னா மாலையும் போடுறோம். சங்கிலி மட்டும் இங்க ஏறாது.”

முதலாளி உட்கார்ந்திருந்த பொம்பிளைகளைப் பார்த்தார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அவர் கடையில் வாங்கிய சீத்தைத் துணி பலருடைய மடியில் பொட்டலமாகக் கிடந்தது. அவர் கங்காணியைப் பார்த்தார். கங்காணி ஆற்றைப் பார்த்தார்.

கூலியாள் கலவையை மண்வெட்டியால் குத்திப் பார்த்தான்.

“இறுகுது ஐயா. இன்னும் கொஞ்ச நேரம் போனா இது எதுக்கும் ஒதவாது.”

இராக்கம்மா குழிக்குள் காலை இன்னும் கொஞ்சம் நீட்டி, முதுகை மண்ணில் சாய்த்து, வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.